கி.பி. 166-ஐக் குறுக்கே பார்ப்போம்: ஒரே ஆண்டில் பழைய உலகம்

கி.பி. 166. சீனாவின் ஹான் பேரரசவைக்கு முன்பின் தெரியாத சிலர் வருகிறார்கள். பேரரசின் தென்கோடியில், இன்றைய வியட்நாமின் நடுப்பகுதியில் இருந்த ரினான் எல்லையைக் கடந்து வந்தவர்கள். தங்கள் நாடு தாச்சின், தங்கள் அரசன் ஆன்துன் என்கிறார்கள். யானைத் தந்தம், காண்டாமிருகக் கொம்பு, ஆமை ஓடு ஆகியவற்றைக் காணிக்கையாக வைக்கிறார்கள்.

தாச்சின் என்பது ரோமுக்குச் சீனர்கள் வைத்திருந்த பெயர். ஆன்துன் என்பது அந்தோனினஸ். அன்றைய ரோமப் பேரரசர் மார்க்கஸ் அவுரேலியஸின் முழுப்பெயரில் அந்தோனினஸும் உண்டு. ரோமின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒருவர் சீன அரசவைக்கு வந்தது அதுவே முதல்முறை என்று சீன வரலாற்றேடு பதிந்து வைத்திருக்கிறது.

அதே 166-இல் ரோமில் என்ன நடந்துகொண்டிருந்தது? பாரசீகத்தில்? நம் மேற்குக் கடற்கரையில்? இப்படிக் கேட்பதே வரலாற்றைப் படிக்க ஒரு முறை. பள்ளியில் நாம் படித்தது வேறு மாதிரி. ஒரு நாட்டை எடுத்து, அதன் முதல் அரசனில் தொடங்கிக் கடைசி அரசன் வரை நெடுக்கே போனோம். ரோம் ஒரு பாடம், சீனா இன்னொரு பாடம், சங்ககாலம் மூன்றாவது பாடம். மூன்றும் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தவை என்பது மனத்தில் பதியவே இல்லை. எனக்கு அது பதிந்தது, ஒரு நோட்டுப் பக்கத்தில் நான்கு பத்தி கோடு போட்டு, ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பத்தி ஒதுக்கி, ஒரே ஆண்டின் செய்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்த பிறகுதான். தறியில் நெடுக்கே ஓடும் பாவு நூலை மட்டும் இத்தனை நாள் பார்த்திருக்கிறோம். குறுக்கே ஓடும் ஊடை நூலையும் பார்த்தால்தான் துணி தெரியும்.

சரி, 166-ஐயே எடுத்துக்கொள்வோம். முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிட வேண்டும்: அந்த ஆண்டில் வாழ்ந்த யாருக்கும் அது ‘166’ இல்லை.

கி.பி. என்ற கணக்கையே டயனீஷியஸ் என்ற துறவி 525-இல்தான் வகுத்தார். 166-இல் ரோமில் ஒருவரை ‘இது என்ன ஆண்டு?’ என்று கேட்டிருந்தால், ‘பூதென்ஸும் பொல்லியோவும் கான்சல்களாக இருக்கும் ஆண்டு’ என்று சொல்லியிருப்பார். கான்சல் என்பது ஆண்டுதோறும் மாறும் உயர்பதவி. அந்த இருவரின் பெயரே ஆண்டுக்கும் பெயர். சீனத் தலைநகர் லுவோயாங்கில் கேட்டிருந்தால் ‘யான்ஷி 9’ என்று பதில் வந்திருக்கும். யான்ஷி என்பது பேரரசர் ஹுவான் தன் ஆட்சியின் ஒரு பகுதிக்குச் சூட்டிய பெயர். இந்தியாவின் மேற்கே ஆண்ட சத்ரபர்கள் சக ஆண்டில் எண்ணினார்கள். 78-ஐக் கழித்தால் அவர்கள் கணக்கில் அது 88-ஐ ஒட்டி வரும்.

நமக்கு இது புதிதல்ல. தஞ்சைக் கல்வெட்டில் ‘யாண்டு இருபத்தைந்தாவது’ என்று வந்தால், அது ராஜராஜன் அரியணை ஏறியதிலிருந்து எண்ணிய ஆண்டு. அவன் பட்டமேறிய 985 தெரிந்திருப்பதால்தான் அதை 1010 ஆக மாற்றிக்கொள்கிறோம். பழைய உலகம் முழுவதும் இப்படி ஆட்சியாண்டுகளால் ஆனது. ஒன்றோடு ஒன்றைப் பொருத்துவதற்கு ஏதாவது ஒரு முளை வேண்டும். மிக உறுதியான முளை கிரகணம். அரசர்களின் பெயர் குழம்பலாம், சூரியனும் சந்திரனும் குழம்புவதில்லை. எந்த நாளில் எங்கே கிரகணம் தெரிந்திருக்கும் என்று இன்று பின்னோக்கிக் கணக்கிட முடியும். யான்ஷி 9-ஆம் ஆண்டுக் குறிப்பே ‘முதல் மாதம் முதல் நாள், சூரிய கிரகணம்’ என்றுதான் தொடங்குகிறது. புத்தாண்டு அன்றே கிரகணம்! அரண்மனையில் எத்தனை பேர் முகம் வெளுத்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கலாம்.

இன்னொரு சின்ன எச்சரிக்கை. சீனப் புத்தாண்டு நம் ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும். அதனால் யான்ஷி 9-இன் கடைசி மாதம் 167-க்குள் கொஞ்சம் நீளும். ‘ஒரே ஆண்டு’ என்று நாம் சொல்வதன் ஓரங்கள் சற்றே பிசிறடித்தவை.

இனி ரோம். 166-இல் அங்கே இரண்டு பேரரசர்கள்: மார்க்கஸ் அவுரேலியஸும், அவருடைய வளர்ப்புச் சகோதரர் லூசியஸ் வேரஸும். 161-இல் பார்த்தியாவோடு தொடங்கிய போர் அப்போதுதான் முடிந்திருந்தது. இன்றைய ஈரானையும் ஈராக்கையும் ஆண்ட பார்த்தியர்கள்தான் ரோமுக்கு நேர்நிகரான ஒரே எதிரி. தளபதி அவிடியஸ் காசியஸ் டைகிரிஸ் ஆற்றங்கரை வரை போய், செலூசியா நகரத்தைச் சூறையாடி, எதிர்க்கரையில் இருந்த டெசிஃபோனின் அரண்மனையை இடித்துத் தள்ளினார். அக்டோபர் 12 அன்று ரோமில் வெற்றி ஊர்வலம். அப்படி ஒன்றை ரோம் பார்த்து ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. மார்க்கஸின் பிள்ளைகளும் ஊர்வலத்தில் வந்தார்கள். ஐந்து வயது மகன் கொமோடஸுக்கு அந்த ஆண்டுதான் சீசர் என்ற வாரிசுப் பட்டம் கொடுத்தார்கள்.

ஊர்வலம் போன அதே தெருக்களில் கொள்ளைநோயும் வந்து சேர்ந்தது. கிழக்கிலிருந்து திரும்பிய படைகளோடு வந்ததாக அன்றைய மக்கள் நம்பினார்கள். செலூசியாவில் அப்பல்லோ கோயிலுக்குள் புகுந்த ஒரு சிப்பாய் ஒரு பொற்பெட்டியைத் திறந்தான், அதிலிருந்து நச்சுக் காற்று கிளம்பியது என்று ஒரு கதை. வேறொரு வடிவத்தில் பெட்டிக்குப் பதிலாகச் சுவரில் ஒரு சிறு பிளவு. கோயிலைக் கொள்ளையடித்த பாவம் என்று சொல்லாமல் சொல்கிறார்கள். நம் ஊரிலும் அம்மை வந்தால் அம்மனுக்கு என்ன குறை வைத்தோம் என்று தேடுகிற மனம் இருந்தது அல்லவா? அதே மனம்தான்.

அது பெரும்பாலும் பெரியம்மையாக இருக்கலாம் என்று இன்று பலர் கருதுகிறார்கள். அதற்கு ஆதாரம் கேலன் என்ற மருத்துவரின் எழுத்து. துருக்கியின் பெர்கமோனில் பிறந்தவர், 162 முதல் ரோமில் பெயர்பெற்று விளங்கியவர், 166-இல் ஊருக்குக் கிளம்பிவிட்டார். நோய்க்குப் பயந்து ஓடினார் என்று சொல்பவர்கள் உண்டு. ரோமில் தொழில் பொறாமை தாங்க முடியவில்லை என்பது அவர் சொன்ன காரணம். எப்படியிருந்தாலும், நோயை அவர் பார்த்த விதம் வியக்க வைக்கிறது. காய்ச்சல், தொண்டைப் புண், உடம்பெங்கும் கறுத்த கொப்புளம், அது காய்ந்து பொருக்காக உதிர்வது என்று வரிசையாகக் குறிக்கிறார். ஒரு வாலிபனைப் பற்றி எழுதுகிறார்: ஒன்பதாம் நாள் உடல் முழுக்கப் புண். இருமினான், இருமலோடு பொருக்குத் துண்டு ஒன்று வெளியே வந்தது. புண் தொண்டைக்குள்ளும் இறங்கிவிட்டது என்று கேலனுக்குப் புரிந்தது. கொஞ்சம் தேறியதும் அவனைப் படகில் ஏற்றி, வெசூவியஸ் மலையருகே ஸ்டாபியே என்ற இடத்துக்குப் பால் குடித்துத் தேற அனுப்பினார்கள். அந்த ஊர்ப் பால் நெஞ்சுப் புண்ணுக்கு நல்லது என்று பெயர். பிழைத்துவிட்டான். பேரரசு முழுவதும் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் இன்றைய அறிஞர்கள் ஆளுக்கொரு மதிப்பீடு வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் பெரிய எண்களைவிட அந்த வாலிபன்தான் நினைவில் நிற்கிறான்.

பிழைக்க வழி தேடியவர்களிடம் வியாபாரமும் நடந்தது. கருங்கடல் பக்கம் அலெக்சாண்டர் என்ற ஒரு குறிசொல்லி, பாம்புத் தெய்வத்தின் பெயரால் ஒரு செய்யுள் அடியை ஊரெங்கும் அனுப்பினார். அதை வாசலுக்கு மேல் எழுதி வைத்தால் நோய் அண்டாதாம். எழுதி வைத்த வீடுகள்தான் அதிகமாக வெறிச்சோடின என்று அவர் காலத்திலேயே வாழ்ந்த எழுத்தாளர் லூசியன் பதிவு செய்கிறார். தற்செயலாக இருக்கலாம் என்கிறார், கூடவே ஒரு காரணத்தையும் ஊகிக்கிறார்: செய்யுளை நம்பியவர்கள் மற்ற எச்சரிக்கைகளை விட்டிருக்கலாம்.

இதே சமயத்தில் வடக்கே டான்யூப் ஆற்று எல்லையும் கலங்கத் தொடங்கியது. பார்த்தியப் போருக்காக அங்கிருந்து படைகளை எடுத்திருந்தார்கள். மார்க்கஸ் தன் மிச்ச வாழ்நாளில் பெரும்பகுதியை அந்த எல்லையில் கூடாரத்திலேயே கழிக்க வேண்டி வந்தது.

பார்த்தியாவைப் பற்றி ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். ரோமும் சீனாவும் நேரில் சந்திக்காமல் இருந்ததற்கு அவர்கள் ஒரு முக்கியக் காரணம். சீனப் பட்டு ரோமுக்குப் போகும் வழியில் இடைத்தரகு அவர்கள் கையில். 97-இல் கான் யிங் என்ற சீனத் தூதர் ரோமைத் தேடி வந்து கடற்கரை வரை எட்டிவிட்டார். பார்த்திய மாலுமிகள் அவரிடம், ‘காற்று வாய்த்தால் மூன்று மாதம், வாய்க்காவிட்டால் இரண்டு வருஷம். போகிறவர்கள் மூன்று வருஷத்துக்கு அரிசி பருப்பு கட்டிக்கொண்டு போவார்கள். கடலில் ஊர் நினைப்பு வாட்டும், செத்தவர்களும் உண்டு’ என்ற பொருளில் சொன்னார்கள். அவர் திரும்பிவிட்டார்.

இப்போது நோட்டின் சீனப் பத்திக்கு வருவோம். 166 அங்கேயும் நல்ல ஆண்டு இல்லை. தலைநகர் வட்டாரத்திலும் யூ மாகாணத்திலும் பஞ்சம். பத்துக்கு நான்கைந்து பேர் இறந்ததாகவும், அடியோடு அற்றுப்போன குடும்பங்கள் உண்டு என்றும் வரலாற்றேடு சொல்கிறது. வடக்கே புல்வெளியில் சியான்பெய் இனத்தவரை ஒன்றுதிரட்டிய தான்ஷிஹுவாய் என்ற தலைவனுக்கு அரசன் பட்டமும் மண உறவும் தருவதாக ஹான் அரசு ஆளனுப்பியது. அவன் வேண்டாம் என்றுவிட்டான்.

சியாங் காய் என்ற அறிஞர் அந்த ஆண்டு பேரரசருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். கோள்கள் முறை தவறி ஓடுகின்றன, கலங்கி ஓட வேண்டிய மஞ்சள் ஆறு தெளிந்து ஓடுகிறது, எல்லாம் ஆட்சிக்குக் கெட்ட சகுனம் என்று அடுக்கினார். கூடவே, ‘அரண்மனையில் தாவோ ஞானி லாவோட்ஸுவுக்கும் புத்தருக்கும் சன்னதி வைத்திருப்பதாகக் கேள்விப்படுகிறேன், அவர்கள் ஆசையை அடக்கச் சொன்னவர்கள், தாங்களோ அடக்கவில்லையே’ என்ற கருத்தையும் வைத்தார். பேரரசரை நோக்கி இதை எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும்! சீன அரண்மனைக்குள் புத்தர் வழிபாடு நுழைந்துவிட்டதற்கு இது மிகப் பழைய சான்றுகளில் ஒன்று. அதே லுவோயாங்கில் அப்போது பௌத்த நூல்களைச் சீனத்தில் பெயர்த்த முன்னோடிகளில் ஒருவர் ஆன் ஷிகாவ். அவர் பார்த்தியர். அதாவது ரோமப் படை எந்த நாட்டின் நகரத்தைச் சூறையாடியதோ, அந்த நாட்டைச் சேர்ந்த ஒருவர் சீனத் தலைநகருக்கு வந்து, இந்தியாவில் பிறந்த நெறியைச் சீனர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நெடுக்குப் பாடத்தில் இவரை எந்த நாட்டின் அத்தியாயத்தில் வைப்பீர்கள்?

ஆனால் சீனர்கள் 166-ஐ நினைவில் வைத்திருப்பது வேறொன்றுக்காக. பேரரசரைச் சுற்றி அண்ணகர்களின் ஆட்சி. விதை நீக்கப்பட்ட அந்த அரண்மனைப் பணியாளர்களின் துணையோடுதான் ஹுவான் 159-இல் தன்னை ஆட்டிவைத்த தளபதியை ஒழித்தார். கைம்மாறாக ஐந்து அண்ணகர்களுக்கு ஒரே நாளில் பிரபுப் பட்டம். எதிர்ப்பக்கம் நேர்மையான அதிகாரிகளும், முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தலைநகர்க் கல்விச்சாலை மாணவர்களும். மாணவர்களின் கண்ணில் நாயகன் லி யிங் என்ற அதிகாரி.

நெருப்பு பற்றியது இப்படி. ஜாங் செங் என்ற சோதிடர், பொதுமன்னிப்பு வரப்போகிறது என்று முன்கூட்டியே கணித்து, அந்தத் தைரியத்தில் மகனைக் கொண்டு ஒருவரைக் கொலை செய்ய வைத்தார். லி யிங் ஆளைப் பிடித்தார். சொன்னபடியே பொதுமன்னிப்பும் வந்தது. லி யிங்குக்கு வந்த கோபத்தில் மன்னிப்பையும் மீறி அவனுக்கு மரணதண்டனை கொடுத்துவிட்டார். சோதிடருக்கு அண்ணகர்கள் வேண்டியவர்கள். லி யிங் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு கட்சி கட்டுகிறார், அரசை இழிவாகப் பேசுகிறார் என்று புகார் போனது. ஆண்டின் கடைசி மாதத்தில் இருநூறு பேருக்கு மேல் சிறையில்.

பட்டியலில் பெயர் இருந்த பலர் தப்பி ஓடினார்கள். சென் ஷி என்பவர், ‘நான் சிறைக்குப் போகாவிட்டால் மற்றவர்களுக்கு யார் துணை?’ என்று தானே போய் உட்கார்ந்தார். ஹுவாங்ஃபு குய் என்ற தளபதிக்கோ தன் பெயர் பட்டியலில் இல்லாதது அவமானமாகப் பட்டது. தன்னையும் சேர்க்க வேண்டும் என்று தானே தன்மீது குற்றம் எழுதி அனுப்பினார். அரசு கண்டுகொள்ளவில்லை. அடுத்த ஆண்டு கைதானவர்களை விடுவித்தார்கள், ஆனால் வாழ்நாள் முழுவதும் பதவி கிடையாது. இரண்டு தலைமுறைக்குள் ஹான் பேரரசே இல்லாமல் போனது.

இந்தக் களேபரத்துக்கு நடுவில்தான் ஆன்துன் பெயரைச் சொல்லிக்கொண்டு அந்த வெளிநாட்டவர் வருகிறார்கள். இந்தக் கட்டுரையின் தொடக்கத்தை இப்போது திரும்பப் படித்தால் வேறு மாதிரி இருக்கும். ரோமில் கொள்ளைநோய், வடக்கில் எல்லைத் தொல்லை. ஹான் நாட்டில் பஞ்சம், கைது. வந்தவர்களைப் பார்த்துச் சீன வரலாற்றாசிரியர் ஃபான் யே, ‘கொண்டுவந்ததில் அரிய பொருள் எதுவும் இல்லை’ என்று எழுதி, பழைய வர்ணனைகள் மிகையோ என்று ஐயப்படுகிறார். அவர் ஐயம் நியாயமானது. ரோமின் செல்வங்களாகச் சீனர்கள் கேள்விப்பட்டிருந்த கண்ணாடி, பவளம், பொன்னிழைத் துணி எதுவும் அந்தக் காணிக்கையில் இல்லை. தந்தமும் கொம்பும் ஆமை ஓடும் இந்தியக் கடலோரத்திலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வாங்கக்கூடியவை. அதனால், அவர்கள் பேரரசர் அனுப்பிய தூதர்கள் அல்லர், வழியில் சரக்கு வாங்கிக்கொண்டு வந்த வணிகர்கள் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. அரசவைக்குள் நுழையத் தூதர் என்ற பெயர் வசதி.

அவர்கள் கடல்வழியாக வந்தார்கள் என்பதுதான் இதில் பெரிய செய்தி. அதற்குத் துணைச்சான்று மேகாங் கழிமுகத்தில் இருக்கிறது. வியட்நாமின் தென்கோடியில் ஓக் ஏஓ என்ற பழைய துறைநகரை 1940-களில் தோண்டியபோது, அந்தோனினஸ் பயஸ், மார்க்கஸ் அவுரேலியஸ் இருவர் பெயரும் கொண்ட ரோமப் பொன் பதக்கங்கள் கிடைத்தன.

எகிப்திலிருந்து அங்கே போகும் கடல்வழியில் இந்தியாவின் மேற்குக் கரையைத் தவிர்க்க முடியாது. இங்கேதான் நம் பத்தி வருகிறது. வியன்னாவில் ஒரு பாப்பிரஸ் தாள் இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி, கிரேக்க மொழி. ஒருபக்கம் சேரநாட்டுத் துறைமுகமான முசிறிக்குப் போகும் பயணத்தை ஒட்டிய ஒரு கடன் ஒப்பந்தம். மறுபக்கம் ‘ஹெர்மபொல்லோன்’ என்ற கப்பலில் வந்த சரக்கின் கணக்கு: கங்கைச் சமவெளி நறுவேர், தந்தம் என்று போகிறது. வரி கழித்த மதிப்பே, செஸ்டெர்ஸ் என்ற ரோம நாணயத்தில், ஏறத்தாழ 70 லட்சம். ரோமச் சிப்பாய் ஒருவருக்கு அன்று ஆண்டுச் சம்பளம் 1,200 செஸ்டெர்ஸ். ஒரே கப்பல் சரக்கில் 5,000 சிப்பாய்களுக்கு ஓராண்டுச் சம்பளம் கொடுத்து மீதியும் வைக்கலாம்.

கப்பல் வந்துபோன காட்சியை அகநானூற்றின் 149-ஆம் பாட்டு ஒரே வரியில் பிடித்துவிடுகிறது: ‘பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’. கறி என்றால் மிளகு. பொன் வந்தது, மிளகு போனது.

ஆனால் இந்தப் பாட்டில் ஆண்டு இல்லை. ‘கி.பி. 166, முசிறி’ என்று என் நோட்டில் எழுத ஒரு செய்தியும் இல்லை. சங்கப் பாடல்கள் அரசனைச் சொல்லும், திணையைச் சொல்லும், தேதியைச் சொல்லாது. சேர மன்னர்களின் காலத்தைக் கணிக்க அறிஞர்கள் பிடித்த ஒரு முளையும் குறுக்குப் பார்வையில் கிடைத்ததே. செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது ‘கடல்சூழ் இலங்கைக் கயவாகு வேந்த’னும் இருந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. இலங்கையின் மகாவம்சத்தில் கஜபாகு என்ற அரசன் வருகிறான், கணக்கிட்டால் இரண்டாம் நூற்றாண்டில் விழுகிறான். அப்படியானால் செங்குட்டுவனும் இரண்டாம் நூற்றாண்டு. முளை உறுதியா? காப்பியம் பின்னால் எழுந்தது, மகாவம்சம் கண்ணகி விழாவைப் பற்றிப் பேசவில்லை என்று ஆட்சேபிப்பவர்கள் உண்டு. கிரகணம் அளவுக்கு உறுதியான முளை இது இல்லை.

குறுக்கே படிப்பவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. ஒரே ஆண்டில் நடந்த இரண்டு விஷயங்களுக்குத் தொடர்பு உண்டு என்று கை தானாகக் கோடு போட்டுவிடும். ஹான் நாட்டிலும் 171, 173, 179, 182, 185 என்று தொற்றுநோய்கள் பதிவாகியிருக்கின்றன. ரோமில் பரவியதும் இதுவே என்று சொல்ல ஆசையாக இருக்கும். ஆனால் சீனக் குறிப்புகள் ‘பெருந்தொற்று’ என்பதோடு நின்றுவிடுகின்றன, கேலன் போல நோயின் குறிகளை எழுதி வைக்கவில்லை. அதனால் அந்தக் கோட்டை நான் போடுவதில்லை. ஆன்துன் என்ற பெயருக்கும் அந்தோனினஸுக்கும் நடுவில் போடுகிறேன், அதற்கு ஆதாரம் இருக்கிறது.

நீங்களும் செய்து பார்க்க விரும்பினால், நிறையப் பதிவுகள் உள்ள ஓர் ஆண்டாக எடுங்கள். கி.மு. 44, கி.பி. 79 மாதிரி. ரோம், சீனா இரண்டு பத்தியும் சீக்கிரம் நிரம்பும். மற்ற பத்திகளில் அந்த ஆண்டே கிடைக்காவிட்டால் அந்தப் பத்தாண்டை எழுதுங்கள், ஆனால் பென்சிலில் எழுதுங்கள்.

என் 166 பக்கத்தில் சீனப் பத்தியில் ‘தாச்சின் அரசன் ஆன்துன் ஆள் அனுப்பினான்’ என்று ஒரு வரி இருக்கிறது. ரோமப் பத்தியில் அதற்கு நேரே உள்ள கட்டம் காலி. அந்தப் பயணத்தைப் பற்றி ரோமில் ஒருவரும் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை.